பொய் சொன்ன மஞ்சள் புள்ளிகள்

மைக்ராஸ்கோப் திரையில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்ததும் லேபில் எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. சரிபார்க்க வைத்த கன்ட்ரோல் வில்லையை இன்னும் பார்க்கவில்லையே.

எங்கள் வேலை இதுதான். எலிக் கருவின் மூளைச் செல்களைச் சிறு கண்ணாடி வில்லைகளில் பரப்பி இன்குபேட்டரில் வளர்ப்போம். சில நாளில் கிளை விடும். மூன்றாம் வாரத்துக்குள் ஒரு செல்லின் கிளை அடுத்ததைத் தொட்டு, செய்தி கடத்தும் இணைப்பாகிவிடும். அதற்குப் பெயர் சினாப்ஸ். செய்தி தரும் பக்கத்தில் மட்டும் ஒட்ட ஒரு ஆன்டிபாடி, அதன்மேல் ஒட்டச் சிவப்புச் சாயம்; வாங்கும் பக்கத்துக்கு இன்னொன்று, பச்சைச் சாயம். இரண்டும் சேர்ந்தால் மஞ்சள்.

"போர்ட் பிளேரில் இதெல்லாம் நடக்காது" என்று எங்களுக்குப் பணம் தரும் மெயின்லேண்ட் கமிட்டியில் ஒருவர் சொல்லியிருந்தார். அதனால் எங்கள் லேப் தலைவர் டாக்டர் சுபர்ணா அவசரத்தில் இருந்தார். நடு அந்தமானின் ரங்கத் ஊரில் தமிழ்ப் பிள்ளைகளோடு படித்த வங்காளிப் பெண், என்னைவிட இளையவர்; என்னைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு வில்லையில் மட்டும் வாங்கும் பக்கத்து ஆன்டிபாடியை நான் ஊற்றவில்லை; சாயங்கள் உட்பட மற்றதெல்லாம் ஊற்றினேன். அதுதான் கன்ட்ரோல்; அதில் பச்சை தெரியவே கூடாது. பார்த்தால், அதிலும் மஞ்சள்!

"நூர் தீதி, மாத்தி வெச்சுட்டீங்களா?"

"வில்லையில இருக்கற நம்பரைப் பாருங்க மேடம். பச்சை போய் சிவப்போட ஆன்டிபாடியிலயே ஒட்டுது. நாம பாத்தது சினாப்ஸே இல்ல."

"அரே, நாளைக்கு சுபஹ், விடிஞ்சதுமே, கமிட்டிக்குப் படம் அனுப்பணும் தீதி!"

"அனுப்புங்க. என் பேரு மட்டும் அதுல வேணாம்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. என்னுடையது கான்ட்ராக்ட் வேலை. அவர் கன்ட்ரோல் வில்லையை மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு என் எதிரிலேயே கமிட்டிக்கு போன் போட்டு, எங்கள் ரிசல்ட் தப்பு, இன்னும் அவகாசம் வேண்டும் என்றார்.

வேறு ஆன்டிபாடி விமானத்தில் ஐஸ் பெட்டியில் வந்தது. புதுச் செல்கள் பரப்பினோம். இருபத்தோராம் நாள் முதலில் கன்ட்ரோலை வைத்தேன்: சிவப்பு மட்டும். அடுத்த வில்லையில், கிளைகளின் ஓரமாக மஞ்சள். முன்பு பார்த்ததில் பாதிகூட இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு செல்கள் தொட்டுக்கொண்ட இடம்.

சுபர்ணா நாற்காலியை எனக்கு விட்டு எழுந்தார். "நீங்க எண்ணுங்க தீதி. நீங்க சொன்னா கமிட்டி மட்டுமில்ல, நானும் நம்புவேன்."

அந்தமான் தீவில் வளர்ந்த அந்த இணைப்புகளை ஒவ்வொன்றாக உரக்க எண்ணி முடித்தேன். இன்றும் அதை நினைத்தால் நிமிர்ந்துதான் உட்காருகிறேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: நல்ல படம் கிடைத்தால், முதலில் நீங்களே அதைப் பொய்யென்று காட்டப் பாருங்கள். முடியாமல் போனால்தான் அது உங்களுடையது.