முனியப்பருக்கு வைத்த மூன்றாவது பொருள்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். சட்டத்தைப் பற்றி எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் கனடாவுக்கு உயிரோடு வந்து சேர்ந்தால் முனியப்பருக்குச் சாராயம், சுருட்டு, கஞ்சா மூன்றும் வைத்துப் படைப்பதாக அவருடைய அம்மா, என் மாமி, நேர்ந்திருந்தார். ரொறன்ரோவில் ஆண்டுதோறும் படைத்தோம். சாராயம் அரசாங்கக் கடையிலேயே கிடைத்தது. கஞ்சா வைத்திருந்தால் குற்றம். அதனால் நேர்த்தி தீரவில்லை என்று, என் கணவருக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் மாமி பயந்தார்.

பிறகு கஞ்சாவுக்கும் கடை வந்தது. கணவர் ஒரு சிறு பெட்டி வாங்கி வந்தார். மாமி அதைத் தொடவில்லை.

"ஏன்ரா உதைக் கொண்டந்தனி? பொலிஸ் பிடிச்சு ஊருக்கு அனுப்பப் போறான்!"

"பில் தந்தவங்கள் அம்மா. வரியும் கட்டினனான்."

கல்லூரியில் படிக்கும் மகள் சிரித்தாள். "அப்பம்மா, இதையெல்லாம் குற்றமாக்கிற பவர் ஒட்டாவாவிலை இருக்கிற மத்திய அரசாங்கத்துக்குத்தான். முதலாம் யுத்தத்திலை சாராயத்தையும் நிப்பாட்டினவை. இப்ப பார்லிமெண்ட் கஞ்சாவை விட்டிட்டுது."

"அப்ப முனியப்பரை இவ்வளவு காலமும் காக்க வைச்சது ஒட்டாவாவோ?"

"ஓம் அப்பம்மா."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கோ ஒரு மண்டபத்தில் முகம் தெரியாதவர்கள் எழுந்து நின்று வாக்களித்ததில், எங்கள் வீட்டுப் படையல் நிறைந்துவிட்டது. மாமி பெட்டியை வாழையிலையில் வைத்தார். முனியப்பரும் பார்க்கட்டும் என்று பில்லையும் பக்கத்தில் வைத்தார். பிறகு கும்பிட்டார்.

மறுநாள் படைத்ததை வீட்டின் பின்வளவில் புதைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.