பெரியம்மாவின் மிஸ் கோல்

அந்தப் போனை வாங்கிக் கொடுத்தது நான்தான். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பெரியப்பாவும் பெரியம்மாவும் தனியே இருந்தார்கள். மகன் கத்தாரில். எழுத்துப் பெரிதாகத் தெரியும், இரண்டாம் இலக்கத்தை அழுத்திப் பிடித்தால் நேரே எனக்கு வரும், தலையில் டோர்ச் லைற்றும் உண்டு. இதைவிட வேறென்ன வேண்டும் என்று எனக்கு ஒரே புளுகம், பெருமை.

"அவசரமெண்டா இதை அழுத்துங்க பெரியம்மா. நான் பறந்து வருவன்."

"ஓம் மனே, வாவியையும் பறந்துதான் தாண்டுவாய்," என்றார் பெரியப்பா.

பெரியம்மாவின் விரலுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மா இடிக்க ஆள் வேண்டுமென்றாலும், பூசைக்கு வரச் சொல்வதென்றாலும் மிஸ் கோல்தான். மணி ஒருதரம் அடிக்கும், வெட்டிவிடுவார். திருப்பி எடுப்பது இளசுகளின் வேலை. எங்கள் குடும்பத்தில் அது மரியாதை மாதிரி. யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை.

மாரிமழை விடாமல் கொட்டிய ஒரு காலை, வேலைக்குப் புறப்படும்போது அவரது மிஸ் கோல் வந்தது. திருப்பி எடுத்தேன். இலக்கம் பாவனையில் இருப்பதாகச் சொன்னது. மறுபடி மிஸ் கோல். மறுபடி எடுத்தேன். மறுபடி பாவனையில். நான் எடுக்கிற அதே நேரத்தில் அவரும் எடுக்கிறார் என்று உறைக்கவே நேரம் பிடித்தது. ஒருவர் கதவை மற்றவர் தட்டிக்கொண்டு இருவருமே வெளியில் நின்றோம். இப்படி விடாமல் எடுக்கிற ஆளே இல்லை அவர். எடுப்பதை நிறுத்திவிட்டு, பச்சைப் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தேன். மணி அடித்த கையோடு அழுத்தினேன்.

"ஐயோ, எடுத்திட்டான். காசு போகுது!" என்ற குரல் கேட்டது. வெட்டிவிட்டார்.

கத்திக்கொண்டே திருப்பி எடுத்தேன். இம்முறை கிடைத்தது.

"மனே, பெரியப்பாக்கு நெஞ்சு அடைக்குதாம். வேர்த்துக் கொட்டுது. கேட்டா வாய் திறக்கிறாரில்ல."

"வைக்காதீங்க! காசு என்ர பெரியம்மா, காசு என்ர. வைக்காம இரிங்க!"

அம்மாவின் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். படுவான்கரைக்குப் போகும் தாம்போதிக்கு, அந்தத் தாழ்ந்த பாலத்துக்கு, மேலால் வெள்ளம் இழுத்துக்கொண்டு ஓடுகிறது, தாண்ட முடியாது, இக்கரைத் துறையில் வந்து நிற்கிறோம் என்றார்கள். ஓடினேன். துறையில் இஞ்சின் தோணிக்காரர் ஒருவர் வலையை மூடிக்கொண்டிருந்தார்.

"இந்தக் காத்துக்கயா? உனக்கென்ன விசரா தம்பி?"

போனை அவர் காதில் வைத்தேன். பெரியம்மா அந்தப் பக்கம் பெரியப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் வாயில் அந்தப் பெயரை நான் முன்பு கேட்டதே இல்லை. தோணிக்காரர் போனைத் திருப்பித் தந்தார்.

"ஏறு. அழாம ஏறு."

அலை தோணிக்குள் அடித்தது. போனை ஷொப்பிங் பைக்குள் போட்டுக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன்.

"கால் குளிருது மனே. தேய்க்கிறன்."

"தேய்ங்க. கதைச்சுக்கிட்டே இரிங்க."

"ஒண்டும் சொல்றாரில்லயே. வாறியா?"

"வாறன் பெரியம்மா, வாறன்." எத்தனை தரம் சொன்னேனோ. இஞ்சின் சத்தத்தில் அவருக்கு அது கேட்டதா என்றுகூடத் தெரியாது.

அக்கரை சேர்ந்ததும் பெரியப்பாவைப் பாயோடு தூக்கித் தோணியில் கிடத்தினோம். துறையில் நின்ற ஆம்புலன்ஸில் மாற்றி, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு இருந்தது. டொக்டர், நெஞ்சு நோ எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

"கோழி கூவக்குள்ளயே ஐயா. புள்ள நித்திரையா இரிக்கும், விடியட்டும் எண்டு இருந்தன்."

டொக்டர் அவரையே பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். அவர் வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பெரியம்மா அழவில்லை. ஈரச் சேலையோடு வாங்குப் பலகையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தார்.

"அப்பவே உன்ன எழுப்பியிருந்தா தப்பியிருப்பாரா மனே?"

"இல்ல பெரியம்மா. தாம்போதியில ராவே தண்ணி ஏறிட்டு. ஆம்புலன்ஸ் எப்படியும் வந்திருக்காது."

அவர் தலையாட்டினார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று விடியற்காலையில் அந்தத் தாம்போதியால்தான் பால்காரர் மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்து போனார்.