பல்லில் கேட்ட நெருப்பு

துருத்தியை எனக்குப் பிடிக்காது. கொல்லன் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள், ஒரு பகல் முழுக்க அதன் கயிற்றை இழுத்து உலைக்குக் காற்று ஊதிப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும். தோள்பட்டை இறங்கிவிடும். கண்ணிலும் மூக்கிலும் கரித்தூள். சமையல், துணி துவைத்தல் எல்லாம் அதற்கு மேல்.

எனக்குக் கல்யாணம் பேசியபோது ஊரில் எல்லோரும் என் அதிர்ஷ்டத்தைத்தான் பேசினார்கள். "திருவண்ணாமலைக்கா போற? உனுக்கு இன்னாம்மா குறை? வருஷா வருஷம் தீபத்தன்னைக்கு மலை சுத்தலாம்" என்றார்கள். எங்கள் ஊரிலிருந்து மலை தெரியாது. நானும் ஆசையோடு வந்தேன். வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. தீபத்தை ஒட்டி மாட்டுச் சந்தை கூடும். சந்தை மாடுகளுக்கு லாடம் வேண்டும். லாடம் அடிக்க உலை எரிய வேண்டும். உலை எரிய நான் கயிறு இழுக்க வேண்டும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து வண்டிகள் ஊருக்குள் நுழையும் சாலையில் எங்கள் பட்டறை. மாடுகள் எங்களைத் தாண்டித்தான் போகும். உச்சியில் தீபம் ஏற்றும்போது ஊரே அரோகரா என்று கூவும். நான் ஒரு கையில் கயிற்றைப் பிடித்தபடி, கொட்டகைக்கு வெளியே தலையை நீட்டி, மறு கையால் கும்பிடுவேன். ஒற்றைக் கையால் என்ன கும்பிடு?

ஒரு கார்த்திகையில் மழை விடவேயில்லை. கரி நனைந்து புகைந்தது. அந்த ஈரக் கரியோடு மாரடித்து முடித்த அன்று சொல்லிவிட்டேன். "அடுத்த தீபத்துக்கு நான் மலை சுத்தப் போறேன். உலை எரிஞ்சா இன்னா, அணைஞ்சா இன்னா!"

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம். சின்ன வயதிலிருந்து பட்டறைச் சத்தத்திலேயே வளர்ந்தவர். எதையும் அவரிடம் கத்தித்தான் சொல்ல வேண்டும். அவர் பதிலும் கத்தலாகத்தான் வரும். எங்கள் வீட்டுச் சண்டையை யாரும் ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை, தெருமுனையில் நின்றாலே போதும்.

"துருத்திக்குப் பதிலா கையால சுத்துற காத்தாடி ஒண்ணு வாங்கிடலாமே" என்றார்.

"வாங்கினா யாருங்க சுத்துறது?" என்றேன். காற்றாடிப் பேச்சு அத்தோடு முடிந்தது.

வழி காட்டியது எங்கள் வீட்டுப் பம்ப் ஸ்டவ். ஒரு நாள் காப்பிக்குக் காத்திருந்தவர் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தாமே, பாரு. கிருஷ்ணாயிலு தானா எரியுது. யாரும் ஊதல!" என்று கத்தினார். அதற்கப்புறம் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. பயிருக்கு மருந்தடித்து ஓட்டையாகிப்போன ஒரு பித்தளை டாங்கியைப் பழைய இரும்புக் கடையில் பிடித்தார், ஓட்டையை அடைத்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டவ் ரிப்பேர் செய்யும் பாயிடம் நிப்பிளும் செம்புக் குழாயும் வாங்கினார். "இதுல இரும்பு காய்ச்சப் போறீங்களா, ஊரக் கொளுத்தப் போறீங்களா?" என்று பாய் கேட்டாராம். இவர் காதில் அது விழவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

சங்கதி இதுதான். டாங்கியில் எண்ணெய் ஊற்றிக் காற்றடித்தால், எண்ணெய் செம்புக் குழாய் வழியே வரும். குழாயின் சுருளை முதலில் சூடேற்றிவிட்டால் எண்ணெய் ஆவியாகி, நிப்பிளில் சீறி, ஒரு முழ இரும்புக் குழாய்க்குள் பாயும். அதன் பின்வாயில் ஒரு தகர வளையம். அதைத் திருப்பினால் காற்று கூடும், குறையும். நெருப்பு போய் விழுவது பாதியாக வெட்டிய பீப்பாய்க்குள். பீப்பாயின் உள்பக்கம் புற்று மண்ணும் உமியும் குழைத்துப் பூச வேண்டும். புற்று மண் எடுக்க நான்தான் போனேன். பாலும் முட்டையும் வைத்து, உள்ளே இருப்பவரிடம் சொல்லிக்கொண்டு, ஓரமாகத்தான் எடுத்தேன்.

பூசி முடித்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. விஜயதசமியன்று பற்றவைக்காத புது உலையை வேறு எந்த நாளில் பற்றவைப்பது? மண் உள்ளே ஈரமாக இருக்கிறதே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சந்தனம், குங்குமம் வைத்து, பொரியும் கடலையும் படைத்து, கற்பூரம் காட்டிக் கொளுத்தினோம். கொஞ்ச நேரம் ஜோராக எரிந்தது. பிறகு டப், டப்பென்று மண் வெடித்துச் சிதறியது. பொரித்தட்டு நிறையப் புற்று மண். விபூதி பூசிய நெற்றியோடு அவர் கிடுக்கியைக் கையில் பிடித்தபடி சாலைக்கே ஓடிவிட்டார். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கலே வந்துவிட்டது. அவரும் திரும்பி வந்து, தட்டைப் பார்த்து, உட்கார்ந்து சிரித்தார்.

மறுபடி பூசினோம். இந்தத் தடவை நிழலில் காயவிட்டு, வறட்டி போட்டு மெதுவாகச் சூடு காட்டினோம். மண் நின்றது. நெருப்புதான் சொன்னபடி கேட்கவில்லை. காற்று கம்மியானால் மஞ்சளாக எரிந்து கொட்டகை முழுக்கக் கரி அடித்தது. ஜாஸ்தியானால் துப்பித் துப்பி அணைந்தது. சரியான நெருப்பு நீலமாக இருக்கும். பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. எனக்கோ சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. தினமும் ஸ்டவ்வோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இது ஒரு வித்தையா? வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். கரகரப்பு அடங்கி, ஒரே சீராக ரீங்காரம் வந்தது. உள்ளே வைத்த இரும்பு பழுத்து ஆரஞ்சாகி, மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கயிறு கிடையாது, கரி கிடையாது. இரண்டு கையையும் வீசிக்கொண்டு பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் தீபம் நெருங்கும் வரைதான். டாங்கியில் காற்று இறங்க இறங்க ரீங்காரம் மாறும். காற்றடித்து, வளையத்தைத் திருத்த வேண்டும். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்காது. "செரியா?" என்று கத்துவார். நான் அடுப்பங்கரையிலிருந்து ஓடி வருவேன். கயிற்றிலிருந்து அவிழ்த்து என்னை வளையத்தில் கட்டிவிட்டார்! அதை உணர்ந்த அன்று நான் பேசிய பேச்சுக்குப் பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "இந்த வருஷமும் ஒத்தக் கையில கும்பிட வெச்சிட்டீங்களே!" என்று உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் பார்த்தால் அவர் குழாயை உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கிறார். காய்த்துப்போன கையில் அதிர்வு என்ன தெரியும்? பிறகு கிடுக்கியின் ஒரு முனையைக் குழாயின் பின்வாயில் வைத்து, மறுமுனையில் துண்டைச் சுற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனிதருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன். வளையத்தைத் திருப்பினார், கடித்தார், மறுபடி திருப்பினார். திடீரென்று துண்டை உமிழ்ந்துவிட்டு எழுந்தார்.

"பல்லுல கேக்குதுமே! நீ போ, மலை சுத்திட்டு வா!"

தீபத்தன்று மத்தியானமே பக்கத்து வீட்டுப் பெண்களோடு கிளம்பினேன். அடி அண்ணாமலை தாண்டும்போது பொழுது சாய்ந்தது. எல்லோரும் நின்று உச்சியைப் பார்த்தோம். தீபம் தெரிந்ததும் எழுந்த அரோகராவில் என் குரலும் இருந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன். கையை இறக்க மனமே வரவில்லை.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே உலைச் சத்தம் கேட்டது. நின்றேன். கொஞ்சம் கரகரப்பு. காற்று ஒரு நூல் கம்மி. உள்ளே போனால், மாட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க, இவர் கிடுக்கியைப் பல்லில் கடித்தபடி வளையத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கரி. பக்கத்தில் லாடங்கள் குவிந்து கிடந்தன. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துவிட்டுக் கத்தினார்.

"எப்படிப் பாடுது?"

வளையத்தை ஒரு நூல் திருப்பிவிடு என்று என் விரல்கள் பரபரத்தன. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ரொம்ப நல்லாப் பாடுதுங்க!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.