வெர்னா வைத்த சக்கரம்

வெர்னா ஹௌகனுக்கு மனிதர்களைக் கண்டால் ஆகாது. எலிகளைக் கண்டால் உருகிவிடுவாள். சியாட்டிலில் எங்கள் ஆய்வுக்கூடத்து எலி அறையைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டவள். எலிகளின் இதயத்தை ஸ்கேன் எடுப்பது என் வேலை. எங்கள் இருவருக்கும் மேலே பேராசிரியர் ட்ரெவர் பிங்காம். முதுமையையே ஒழித்துக்கட்டப் போவதாக வருடா வருடம் மானியம் கேட்டு எழுதுவார். ஒரு மாடி ஏறுவதற்கு லிஃப்டைத் தேடுவார்.

அவருடைய நம்பிக்கையெல்லாம் ஒரு பெப்டைடு மேல். புரதத்தின் பொடித் துண்டு அது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை நேராகத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளுமாம். விறைத்துப்போன கிழட்டு இதயம் மறுபடி இளகி விரியுமாம். வெர்னாவின் கணவர் ஆர்விலுக்கும் அதே விறைத்த இதயம்தான். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அதனால் மருந்து ஜெயிக்க வேண்டும் என்று பேராசிரியரைவிட அவள்தான் அதிகம் ஏங்கினாள்.

அறுபது கிழட்டு எலிகள். பாதிக்கு மருந்து, பாதிக்கு உப்புத் தண்ணீர். எதற்கு எது என்று எங்களுக்குத் தெரியக்கூடாது. குப்பிகளில் சிவப்பு, நீலம் என்ற நிறம் மட்டும். ரகசியச் சீட்டு பேராசிரியர் மேஜைக்குள் பூட்டிக் கிடந்தது. பத்தொன்பது வருடம் எலி வளர்த்தவளிடம் ரகசியமாம்! நீலம்தான் உப்புத் தண்ணீர் என்று, எலிகளின் நடையைப் பார்த்தே, இரண்டாவது வாரம் கண்டுபிடித்துவிட்டாள்.

எட்டு வாரம் கழித்து அளந்தேன். இரண்டு கூட்டத்து இதயங்களும் ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. பேராசிரியர் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்மேல் பாய்ந்தார்.

"அப்ப மருந்தும் உப்புத் தண்ணியும் ஒண்ணா? மெஷின் கோளாறா, இல்ல உன் கை கோளாறா?"

எடுத்த ஸ்கேன்களை மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவரே ஓய்ந்துபோனார். "விடு. இந்த மருந்தை மூட்டை கட்டிடலாம்."

கூண்டு மாற்ற வந்த வெர்னா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மருந்து மேல தப்பில்ல, ட்ரெவர். மத்தியானம் நீங்கல்லாம் சாப்பிடப் போனதும், நீலக் குப்பி எலிங்க கூண்டுல, உள்ள ஏறி ஓடுற சக்கரத்தை வச்சேன். தினமும் ஒரு மணி நேரம்."

"எதுக்கு?"

"பாவமா இருந்துச்சு. அதுங்களுக்கு மருந்துதான் கெடையாது, வெளையாடவாவது செய்யட்டுமேன்னு."

"ஓடினாலே இதயம் தேறும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். இவ்வளவு தேறும்னு தெரியாது."

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எலி அறை அவளுக்கே இருந்திருக்கும். அந்த இடத்தில் நானாக இருந்தால் சத்தியமாக மூடிக்கொண்டிருப்பேன்.

மறுநாளே அவளைக் கூண்டு கழுவும் இடத்துக்கு அனுப்பினார்கள். ஆய்வை முதலிலிருந்து தொடங்க வேண்டும். எலி கிழடாக இரண்டு வருடம் ஆகும். மானியக்காரர்கள் அவசரப்படுத்தினால் அது சீக்கிரம் நரைத்துவிடாது. புதிய திட்டத்தில் மூன்றாவதாகச் 'சக்கரக் கூட்டம்' ஒன்றைச் சேர்த்திருக்கிறார் பேராசிரியர். அபார யோசனை என்று எல்லோரும் பாராட்டினார்கள். அவரும் பெருந்தன்மையோடு பாராட்டை வாங்கிக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை, தூறலில், கிரீன் லேக் ஏரிக்கரையில் வெர்னாவையும் ஆர்விலையும் பார்த்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து இரைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த மருந்து எப்ப வரும், வெர்னா?"

"நான்தான் ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டுட்டேனே." அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். "எந்திரி. அடுத்த மரம் வரைக்கும் நட."