கத்தரிக்கு வேலையில்லாத ஊர்

ஆரின் டாக்கபெரியிடம் முடி வெட்டிக்கொண்டு குறை சொன்னவர் எங்கள் பிளம் குரோவ் ஊரில் ஒரே ஒருவர்தான். தானியக் கிடங்குக்காரர். காதுக்கு மேலே இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாமே என்று கண்ணாடியைப் பார்த்தபடி இழுத்தார். ஆரின் அவர் கழுத்திலிருந்த துண்டை உருவினார்.

"உங்க காது ரெண்டும் ஒரே உயரத்துல இல்ல. அதுக்கு நான் என்ன பண்றது? உங்களப் பெத்தவங்ககிட்ட போய்க் கேளுங்க."

கதவையும் திறந்துவிட்டார். தொழிலில் அப்பேர்ப்பட்ட கர்வம் அவருக்கு. இத்தனைக்கும் அவர் தலையில் ஒரு முடி கிடையாது. அந்த வழுக்கையை எண்ணெய் விட்டுத் துடைப்பார் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

இப்படிப்பட்டவரின் வயிற்றில் அடித்தது எங்கள் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி. பெயர்தான் கால்பந்து. காலுக்கு அதில் வேலை குறைவு, மண்டைக்கும் தோளுக்கும்தான் வேலை. பந்தை அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடுவான், அவன் பின்னால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளுவோம், எதிரே வருகிறவர்களும் அதையே செய்வார்கள். நான் நடுவில் குனிந்து நின்று பந்தைப் பின்னால் கொடுப்பவன். இரண்டு பக்கத்து அடியும் எனக்குத்தான் முதலில் விழும். தலைக்குத் தோல் கவசம் எல்லாம் பிற்பாடு வந்த சொகுசு. அன்று எங்களுக்குக் கவசம் எங்கள் முடிதான். வெயில் காலத்தில் வளர்க்கத் தொடங்கினால் நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் ஆட்டம் முடிந்துதான் கத்தரியைக் கண்ணால் பார்ப்போம்.

அதைக்கூட ஆரின் பொறுத்துக்கொண்டார். ஆனால் முதல் வருடம் மார்ஷ்வில் கல்லூரிக்காரர்கள் எங்களை எங்கள் மாட்டு மேய்ச்சல் நிலத்திலேயே போட்டு மிதித்துவிட்டுப் போனார்கள். எங்கள் தலைவன் லைமன் ஸ்ட்ரௌட் உதட்டில் ரத்தத்தோடு ஒரு பீப்பாய் மேல் ஏறி நின்றான்.

"மார்ஷ்வில்ல ஜெயிக்கிற வரைக்கும் என் தலையில கத்தரி படாது!"

நாங்களும் கத்தினோம். மற்ற மாணவர்கள் கத்தினார்கள். குதிரை லாயத்து ஆட்கள், தபால்காரர், மெதடிஸ்ட் கோயிலில் மணி அடிப்பவர் வரைக்கும் சத்தியம் செய்துவிட்டார்கள். வசந்த காலம் வந்தபோது பிளம் குரோவில் ஆண்பிள்ளைகளெல்லாம் கரடி மாதிரி திரிந்தோம். முகச்சவரம் என்று ஒன்று இருந்ததால் ஆரின் வீட்டு அடுப்பு எரிந்தது.

வேலை போனதுகூட அவருக்குப் பெரிதில்லை. அவருடைய ஒரே மகள் வெர்னாவுக்கும் இந்த லைமனுக்கும் திருமணம் நிச்சயமாகியிருந்தது. ஆரினின் மனைவி ஹுல்டா வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். ஜூன் மாதத்தில் வைத்திருந்த கல்யாணத்தை அவளே நிறுத்தினாள்.

"வைக்கோல் போர் மாதிரி தலையோட ஒருத்தன் என் பொண்ணு கையப் பிடிக்கிறதா? முடி வெட்டுறவர் வீட்டு மாப்பிள்ளையே இப்படின்னா ஊரு எதால சிரிக்கும்?"

"சத்தியம் பண்ணிட்டானே ஹுல்டா."

"நானும்தான் பண்ணிட்டேன். அந்தத் தலையோட அவன் கோயில் படி ஏற முடியாது."

லைமனும் பிடித்த பிடியை விடவில்லை. வெர்னா இருவரிடமும் பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஆரினின் பாடு இருதலைக்கொள்ளி எறும்பு. கல்யாணத்தை நன்றி நாளுக்கு அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். அதாவது, வியாழக்கிழமை நாங்கள் மார்ஷ்வில்லை ஜெயித்தால் வெள்ளிக்கிழமை முடிவெட்டு, சனிக்கிழமை கல்யாணம். ஜெயிக்காவிட்டால் ஹுல்டா தன் பெண்ணைச் சிகாகோவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பப் பெட்டி கட்டி வைத்திருந்தாள்.

"நீங்க ஜெயிச்சே ஆகணும்டா, வில்லார்ட்" என்று சவரம் செய்யும்போது என் தொண்டையில் கத்தியை வைத்துக்கொண்டே ஆரின் சொல்வார். அந்த நிலையில் யார் மாட்டேன் என்று சொல்வது?

அந்த வருட ஆட்டத்தைப் பார்க்க ஹுல்டாவே வந்தாள். தன் பெண்ணின் தலையெழுத்தை இந்த முரடர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்க வந்தேன் என்றாள். குதிரை வண்டியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெர்னாவோடு உட்கார்ந்திருந்தாள். ஆரின் கடையிலிருந்து நேரே வந்தவர், வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றோரம் நின்றார்.

ஒரு பக்கமும் புள்ளி விழவில்லை. பொழுது சாய்கிற வேளை மார்ஷ்வில்காரர்கள், தாண்டினால் புள்ளியாகும் எங்கள் எல்லைக் கோட்டுக்கு மிக அருகே வந்துவிட்டார்கள். அந்தத் தள்ளலில் லைமன் கீழே விழுந்தான். ஒரு பூட்ஸ் கால் அவன் தலையில் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. குவியல் கலைந்தபோது அவன் எழவில்லை.

டாக்டர் ஓடி வந்தார். முடிக்குள் ரத்தம். முடியை மழித்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். கண்ணைத் திறக்காமலே லைமன் முனகினான்.

"கத்தரி படக்கூடாது டாக்டர்..."

"முட்டாப்பயலே!" என்று திட்டிக்கொண்டே டாக்டர் மருந்து ஊற்றிக் கழுவி, கட்டுப் போட்டு, தோல் காயம்தான் என்று சொல்லி அவனை ஹுல்டாவின் வண்டியில் ஏற்றினார். எங்களிடம் மாற்று ஆள் இல்லை. இருந்த ஒருவனும் முதல் பாதியிலேயே விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். பத்துப் பேராக நின்றோம்.

அப்போதுதான் கயிற்றைத் தாண்டி வெள்ளை அங்கியோடு ஒரு வழுக்கைத் தலை உள்ளே வந்தது.

"யோவ், இது யாரு? படிக்கிற பையனா?" என்று மார்ஷ்வில்காரன் ஒருவன் கேட்டான்.

"உன் பக்கத்துல நிக்கிற அந்தக் கொல்லன் எந்த வகுப்புல படிக்கிறான்னு சொல்லு, நானும் சொல்றேன்" என்றார் ஆரின். அவன் திரும்பித் தன் வரிசைக்குப் போய்விட்டான். அந்தக் காலத்தில் எல்லா அணியிலும் அப்படி வெளியாள் இரண்டொருவர் இருந்தார்கள்.

"ஆரின்! திரும்பி வா! உனக்கென்ன பைத்தியமா?" என்று வண்டியிலிருந்து ஹுல்டா கத்தினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குப் பின்னால் வந்து குனிந்தார். மூன்று முறை அவர்கள் எங்கள் மேல் வந்து மோதினார்கள். எதிராளியின் முடியைப் பற்றி இழுத்து வளைப்பது அன்று எல்லோரும் செய்த வேலை. ஆரினிடம் பிடித்து இழுக்க என்ன இருக்கிறது? கை வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். மூன்றாவது முறை பந்து வைத்திருந்தவனின் முழங்காலைக் கட்டிக்கொண்டு அப்படியே படுத்துவிட்டார். கோடு தாண்டவில்லை. நடுவர் இருட்டிவிட்டது என்று ஊதலை ஊதினார்.

ஆட்டம் சமம். தோற்கவில்லை, ஆனால் ஜெயிக்கவும் இல்லை.

ஆரின் ஒரு கண் வீங்கி, அங்கி கிழிந்து, தலை குனிந்து வண்டிப் பக்கம் நடந்தார். நான் கூடப் போனேன். ஹுல்டா வண்டியில் படுத்திருந்த லைமனின் தலையை மடியில் வைத்திருந்தாள். அவன் கண் விழித்துவிட்டான். ஹுல்டாவின் கை அந்தப் பரட்டை முடிக்குள் இருந்தது.

"ஜெயிக்கல ஹுல்டா" என்றார் ஆரின்.

"எனக்குக் கண்ணு இருக்கு." அவள் கையை எடுக்கவில்லை. "இந்த முடி மட்டும் இல்லன்னா என் பொண்ணு கதி என்ன ஆகியிருக்கும்? தலைக்கு வந்தது முடியோட போச்சு. சனிக்கிழமை கல்யாணம். இவன் தலையில எவனாவது கத்தரி வச்சான், கைய ஒடிப்பேன். அது சரி, இவனுக்காவது முடி இருந்துச்சு. உன் மண்டைய எது காப்பாத்தும்னு நீ உள்ள போன, கிழவா?"

ஆரின் சிரித்தார். ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை பெண்ணின் அப்பா வீங்கிய கண்ணோடும், மாப்பிள்ளை வைக்கோல் போர் தலையோடும் கோயிலில் நின்றார்கள். பாதிரியாரே பிரார்த்தனை நடுவில் சிரித்துவிட்டார். வாத்துக்கறியும் பூசணிப் பலகாரமும் தின்று தீர்த்தோம். அவ்வளவு சந்தோஷமான கல்யாணத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை, என் கல்யாணம் உட்பட.

அடுத்த வருடம் லைமன் ஆட வரவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் வேலை கிடைத்தது, நேரமில்லை என்றான். வெர்னாதான் பிடித்து வைத்திருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும். பெண்டாட்டி முந்தானையில் முடிந்துவிட்டாள் என்று நாங்கள் அவன் முகத்துக்கு நேரேயே பாடினோம். அவன் சிரித்துக்கொண்டு கயிற்றோரம் நின்று எங்களுக்கு யோசனை சொன்னான். முடியை மட்டும் வெட்டவில்லை.

அந்த நன்றி நாளில் மார்ஷ்வில்லை ஜெயித்தோம். மறுநாள் காலை ஆரின் கடை வாசலில் பாதி ஊர் வரிசையில் நின்றது. அவர் கை நிற்கவே இல்லை. தரையில் முழங்கால் உயரத்துக்கு முடி. கடைசியாக லைமன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுக்கு முன்னால் வெட்டிக்கொண்ட நான் கழுத்தைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வெர்னாவும் கூட வந்திருந்தாள்.

"அப்பா, இடது பக்கம் மட்டும் கொஞ்சம் நீளமா விடுங்க."

"ஏம்மா? யாருக்கு யாரு தொழில் சொல்லிக் குடுக்கிறது?" என்றபடி அவர் அந்தப் பக்கத்து முடியைச் சீப்பால் தூக்கினார்.

காதுக்கு மேலே எலும்பு உள்வாங்கியிருந்தது. கட்டைவிரலை வைத்தால் பதிந்து உட்காரும் அளவுக்குக் குழி. தோல் காயம் இல்லை அது. ஆரினின் கை அப்படியே நின்றது. வெர்னா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லைமன் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு வருடமாக அவன் முகத்துக்கு நேரே பாடிய நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆரின் சீப்பைக் கீழே இறக்கி, அந்த முடியை மெதுவாகப் படியவிட்டார். மற்ற இடமெல்லாம் வெட்டினார். அங்கே மட்டும் கத்தரி வைக்கவில்லை.

மாப்பிள்ளையின் முகத்தை இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று ஹுல்டா ஆசையோடு உள்ளே வந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"என்ன இது, ஒரு பக்கம் மட்டும் தொங்குது? இதையா இத்தன நாள் வெட்டணும் வெட்டணும்னு துடிச்ச?"

கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் ஆரினின் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். தானியக் கிடங்குக்காரரும் ஓரத்தில் நின்றார். ஆரின் கத்தரியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"வயசாயிடுச்சு ஹுல்டா" என்றார். "கை தவறிடுச்சு."