ஷிப்ட் பஸ்ஸில் புயல் செய்தி

இன்று ஷிப்ட் முடிந்து வரும் பஸ்ஸில் என் மானம் போனது. இயர்போனைச் சரியாகச் செருகாததால் செல்போனில் ஓடிய இணைய வானொலிச் செய்தி பஸ் முழுக்கக் கத்தியது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள்.

வாசித்தது என் மகள்.

மூன்று வருடம் முன்பு, தோழிகளோடு ஒரே அறையில், தினம் ஒரு மணி நேரம் என்று அந்த வானொலியைத் தொடங்கினாள். ஒருநாள் இதை முழுநேரச் செய்தியாக்குவேன் என்றாள்.

"நாள் முச்சூடும் செய்தின்னா எவன் கேப்பான்?" என்று அன்றைக்குச் சிரித்தவன் நான். இன்றுமுதல் இருபத்துநாலு மணி நேரமும் செய்திதான்.

அவசரமாக அணைக்கப் போனேன்.

"இருங்கண்ணே, புயல் கடல்ல எங்க நிக்குதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிகினு இருக்குது!" என்று பின்சீட்டிலிருந்து அதட்டல்.

வீட்டுக்கு வந்ததும் மகள் போன் செய்தாள். "கேட்டீங்களாப்பா?"

"கேட்டேன். கொஞ்சம் வேகமாப் படிக்கிற."

கேட்டுக்கொண்டே வந்ததில் எங்கள் குடியிருப்பு வட்டத்தின் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கி, வெயிலில் நடந்து வந்ததை மட்டும் சொல்லவில்லை.