கண்ணாடி வழிவிடாத வெயில்

தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் கண்ணாடிக்காரர். பதினெட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கியபடி, சன்னல்களுக்குச் சோப்புத் தண்ணீர் பூசி ரப்பர் பட்டையால் வழித்தெடுப்பது அவர் பிழைப்பு. துடைத்த கண்ணாடிக்குள் மேகங்கள் நகரும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால், தொங்குவது கட்டடத்திலா வானத்திலா என்று அவருக்கே பிடிபடாது. "என்னய்யா, அங்கேயே குடித்தனம் வச்சிட்டியா?" என்று மேஸ்திரி கீழிருந்து கத்தினால்தான் மனிதருக்குப் பூமி நினைவு வரும்.

மனைவி நேரெதிர். நிலத்தடிக் கூடம் ஒன்றில் பன்னிரண்டு வருஷமாகத் துணி தைத்துவந்தாள். விடியுமுன் போய் இருட்டியபின் வருபவளுக்கு வெயில் தூரத்து உறவுதான். கடைசியில் இடுப்பும் தொடையும் வலித்து, நாற்காலியிலிருந்து எழவே ஆள் தேவைப்பட்டது. வேலையும் போயிற்று. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். வெயில் படாமல் எலும்புச் சத்து குறைந்துவிட்டது என்று மாத்திரை எழுதித் தந்து, தினமும் வெயில் படவேண்டும் என்றார்.

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. "வெயிலுக்கா பஞ்சம்? மாத்திரை எதுக்கு?" சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர், வீட்டுப் பெரிய சன்னலை மூன்று தரம் துடைத்து, அதன் பின்னால் நாற்காலி போட்டு மனைவியை உட்கார வைத்தார். மஞ்சள் வெளிச்சம் அவள் மடியில் படுத்துக்கிடக்கும். அவளும் கண்மூடி எங்கோ மிதப்பாள். இப்படியே மூன்று மாதம் போயிற்று, கால் மட்டும் எழவில்லை.

"நான் உட்கார்ந்தே போயிடுவேனோங்க?" என்று ஒருநாள் அழுதாள்.

டாக்டர் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "கண்ணாடிக்குப் பின்னாலயா? எலும்புக்கு வேண்டிய கதிரை அது உள்ளேயே விடாதேய்யா! வெளிச்சமும் சூடும்தான் வரும். மாத்திரையை ஒழுங்கா குடு. மொட்டைமாடியில கால்மணி நேரம் போதும். அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு."

அடப்பாவி மனுஷா! ஆயுசெல்லாம் கண்ணாடியோடு பழகி என்ன கண்டாய்? அவரும் தன்னைத் தானே அப்படித்தான் திட்டிக்கொண்டார். அன்று முதல் வேளை தவறாமல் மாத்திரை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து, நாலு மாடி அவளை முதுகில் சுமந்து ஏறினார்.

ஐந்தாம் மாதம் ஒருநாள், "நீங்க முன்னால போங்க, நானே வர்றேன்" என்றாள் அவள். அவர் மாடியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கைப்பிடியைப் பற்றிப் பற்றி வந்து வாசலில் நின்றாள் மகராசி. அவர் குழந்தைபோல அழுதார். அவள் சிரித்துக்கொண்டே அவர் முகத்தை இரு கைகளில் ஏந்தினாள். இத்தனை மாதமும் முதுகில் இருந்து இறக்கியதும் அவர் வேலைக்கு ஓடிவிடுவார், பக்கத்து வீட்டுக்காரிதான் பிறகு அவளைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிவருவாள். பட்டப்பகலில் அவர் முகத்தை இவ்வளவு அருகில் அவள் பார்த்து வருஷக்கணக்காகிறது.

"காதுல என்னங்க இந்தப் புண்ணு?"

"தொடைக்கிற பட்டை கீறிடுச்சு. ஆறிடும்."

"எப்போ கீறிச்சு?"

அவர் யோசித்தார். "போன வருஷம்."

அவள் சிரிப்பு நின்றது. ஒரு கையில் அவரையும் மறு கையில் கைப்பிடியையும் பற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

டாக்டர் புண்ணை வெகுநேரம் பார்த்தார். "வருஷமா ஆறாத புண்ணை விடக்கூடாது. நேர் வெயில், கண்ணாடியில பட்டுத் திரும்புற வெயில், ரெண்டும் உங்களைச் சுட்டிருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில வெட்டியெடுத்து, புற்றான்னு பரிசோதிக்கணும். இன்னைக்கே போங்க."

தெருவுக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். பதினெட்டாம் மாடியில் ஊஞ்சலாடும் மனிதர் தெருவோரச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்கும்மா."

"எனக்கும்தாங்க" என்றாள் அவள். "என் தோளைப் பிடிச்சுக்கங்க. போகலாம்."